பதினாறு வருடத்தில் நான்கு கோல்

எங்கள் ஊரில் ஒருவரைக் கவிழ்க்க அடியாள் வேண்டாம், அரிவாளும் வேண்டாம். பிழையில்லாத ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் போதும். எங்கள் ஊர் என்று நான் சொல்வது டெக்சாஸில் ஹூஸ்டனுக்கு மேற்கே இருக்கும் கேட்டியை. அந்த மின்னஞ்சலை எழுதியவன் நான். மூன்று வருடம் ஆகிவிட்டது, கோபம் மட்டும் ஆறவில்லை. "யார் மேலங்க இவ்ளோ கோவம்?" என்று மனைவி கேட்கிறாள். பட்டியல் நீளம். அதில் முதல் ஆள் நானாக இருப்பதால் மற்றவர்களை நிம்மதியாகத் திட்டக்கூட முடியவில்லை.

கவிழ்ந்தவர் ஒரு செர்பியாக்காரர். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று வயதிருக்கும். வாசலில் குனிந்து நுழைகிற உயரம். இடது முழங்காலை மடக்கும்போது மட்டும் முகம் சுளிக்கும். பதினாறு வருடம் தொழில்முறைக் கால்பந்தில் டிஃபென்டராக ஆடிவிட்டு ஓய்வுபெற்றவர். எங்கள் பகுதியில் இருக்கும் கால்பந்து கிளப் ஒன்று அவரைப் பெண்பிள்ளைகளின் அணிக்குக் கோச்சாக அழைத்து வந்திருந்தது. அந்த அணியில் பதினாறு பிள்ளைகள். அதில் ஏழு பேர் தமிழ்ப் பிள்ளைகள், அந்த ஏழில் ஒருத்தி என் மகள். ஒன்பதாம் வகுப்பு.

என் மகள் அதுவரை ஸ்ட்ரைக்கர். கோல் அடிப்பாள், நான் செல்போனில் படம் எடுப்பேன், வார இறுதியில் அதை வெட்டி ஒட்டிப் பின்னணி இசை சேர்ப்பேன். காலேஜ் விண்ணப்பத்துக்கு உதவும் என்று எங்கள் வட்டாரத்தில் எல்லா அப்பாக்களும் செய்கிற வேலைதான். என்னுடையதில் இசை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். புதுக் கோச் வந்த இரண்டாவது வாரம் அவளை முன்வரிசையிலிருந்து எடுத்து நடுவில், கடைசி வரிசையில், சென்டர் பேக்காக நிறுத்தினார். அன்று வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. எனக்கே பதவி இறக்கம் ஆனது போல இருந்தது.

மறுநாள் போய்க் கேட்டேன். உடைந்த ஆங்கிலத்தில், ஆனால் கூச்சமில்லாமல் பதில் சொன்னார்.

"உங்கள் மகளுக்குப் பயம் வந்தால் கத்துகிறாள். மற்றவர்களுக்குப் பயம் வந்தால் வாய் மூடிக்கொள்கிறது. பின்னால் நிற்க எனக்குக் கத்துகிற ஆள்தான் வேண்டும்."

"அவ கோல் போடற பொண்ணு" என்பதை நான் ஆங்கிலத்தில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்று முறையும் அவர் தலையாட்டிவிட்டு, "ஆமாம், நன்றாகப் போடுகிறாள்" என்று சொல்லிவிட்டுப் பயிற்சிக் கூம்புகளை அடுக்கப் போய்விட்டார். மகளிடம் கேட்டால் அவள் காரின் பின் இருக்கையிலிருந்து, "ஐ லைக் இட் தேர், அப்பா" என்றாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

கேட்டியில் வசந்த காலத்தில் வாரத்துக்கு ஒரு நாளாவது இடி இடிக்கும். எங்காவது மின்னல் தெரிந்தால் மைதானத்தில் சைரன் ஊதும். எல்லோரும் காருக்குள் போய்விட வேண்டும். கடைசி மின்னலுக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே விடுவார்கள். அவருடைய பழைய கார் எப்போதும் மைதானத்தின் மறுகோடியில் நிற்கும். என்னுடையது இந்தப் பக்கம் மைதானத்தை ஒட்டியே நிற்கும். ஒருநாள் நனைந்துகொண்டு நின்றவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. என் மகள் அவள் தோழியின் வண்டிக்கு ஓடிவிடுவாள், அவர் என் முன் இருக்கையைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளிக்கொண்டு முழங்காலை நீட்டி உட்காருவார். நாலைந்து முறை அப்படி உட்கார்ந்ததில் அவருடைய வாழ்க்கையை முழுதாகச் சொல்லியிருந்தார். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எனக்குத் தெரியாது என்று நான் எங்கேயும் சொல்லிவிட முடியாது. எல்லாம் தெரியும்.

தெற்கு செர்பியாவில் ஒரு சின்ன ஊர். பதினெட்டு வயதில் உள்ளூர் அணி. பிறகு தலைநகரில் ஒரு பெரிய கிளப் எடுத்துக்கொண்டு இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார வைத்தது. அதன் பிறகு கிரேக்கத்தில் இரண்டாம் டிவிஷன், சைப்ரஸ், ஹங்கேரி, ஒரு குளிர்காலம் முழுக்கக் கஜகஸ்தான். அங்கே பயிற்சிக்கு முன்னால் மைதானத்துப் பனியை ஆட்டக்காரர்களே வாரிக் கொட்டினார்களாம். கடைசியில் திரும்பவும் பிறந்த ஊர். ஒரே ஒரு முறை தேசிய அணியின் முகாமுக்குக் கூப்பிட்டார்கள். வேறொருவருக்குக் காயம், இவர் மாற்று ஆள். ஐந்து நாள் பயிற்சி, ஆட்டத்தில் இறக்கவில்லை. "பந்துப் பையைத் தூக்கினேன்" என்று சிரித்தார்.

நடுவில் இரண்டு வருடம் எந்த அணியிலும் இல்லை. முழங்கால் தசைநார் அறுந்து ஆபரேஷன் ஆனது. கிளப் கை கழுவிவிட்டது. மனைவியின் அண்ணன் நடத்திய டயர் கடையில் லாரிச் சக்கரம் கழற்றிக்கொண்டு, சாயங்காலம் காலை நொண்டிக்கொண்டே மலைப்பாதையில் ஓடி, இருபத்தொன்பது வயதில் மறுபடி ஆட வந்திருக்கிறார். "டாக்டர் வேண்டாம் என்றார். டயர் கடைக்காரனும் வேண்டாம் என்றான். அவனுக்கு நல்ல வேலைக்காரன் போகிறானே என்ற கவலை" என்றார்.

அவர் பெருமையாகச் சொன்ன ஆட்டம் ஒன்றுதான், அதிலும் அவருக்கு ரெட் கார்டு கிடைத்தது. சீசனின் கடைசி ஆட்டம். தோற்றால் அணி கீழ் டிவிஷனுக்குப் போய்விடும். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எதிரணி ஸ்ட்ரைக்கர் இவரைத் தாண்டிவிட்டான். அவனுக்கு முன்னால் கோல்கீப்பர் மட்டும். இவர் எட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். நடுவர் வெளியே அனுப்பினார். உடை மாற்றும் அறையில் தனியாக உட்கார்ந்து, மேலே கூட்டம் போடும் சத்தத்தை வைத்தே என்ன நடக்கிறது என்று கணித்திருக்கிறார். ஃப்ரீ கிக் எங்கோ பட்டு வெளியே போனது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். அணி தப்பித்தது. அடுத்த மூன்று ஆட்டத்துக்கு அவருக்குத் தடை, ஊரில் ஒரு மாதம் எந்தக் கடையிலும் அவரைக் காபிக்குக் காசு கொடுக்க விடவில்லை. இதைச் சொல்லும்போது என் கார் கண்ணாடி முழுக்க அவர் மூச்சில் ஆவி படிந்திருந்தது. நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்கு ஒரு மாதம் கழித்துக் கயிறு விவகாரம் வந்தது.

கடைசி வரிசையில் நிற்கும் நான்கு பேரும் ஒன்றாக நகர வேண்டும். ஒருத்தி முன்னே போனால் மற்ற மூவரும் போக வேண்டும். இதைப் பழக்க அவர் நான்கு பெண்களின் இடுப்பிலும் ஒரு நீளக் கயிற்றைத் தளர்வாகக் கட்டி, இடமும் வலமுமாக நகர வைத்தார். ஐரோப்பாவில் பல இடங்களில் செய்கிற பயிற்சிதான் என்று அவரே என்னிடம் சொல்லியிருந்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு செய்தார்கள். அதை ஒரு அம்மா படம் எடுத்து எங்கள் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். படத்தில் சிரிப்பு விழவில்லை. கயிறு விழுந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஏழு குடும்பமும் ஒரு வீட்டில் கூடினோம். எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்க்கும் சென்னைக்காரர் வீடு அது. ஆளுக்கொரு பாத்திரத்தில் ஏதாவது கொண்டு வந்திருந்தோம். சாப்பிட்டு முடித்ததும் அவர் லேப்டாப்பைப் பெரிய டிவியில் இணைத்து ஒரு பக்கத்தைத் திறந்தார். கோச்சின் ஆட்ட வரலாறு. வருடம், கிளப், ஆடிய ஆட்டங்கள், அடித்த கோல்கள் என்று ஓர் அட்டவணை.

"பாருங்க. சிக்ஸ்டீன் இயர்ஸ். டோட்டல் கோல் எவ்ளோ தெரியுமா? நாலு."

"நாலா? நாப்பதா?"

"நாலுங்க. ஃபோர்."

சிரிப்பு வெடித்தது. ஒரு அம்மா கையிலிருந்த கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "என் பொண்ணு போன சீசன்லயே ஆறு போட்டாப்பா. இவர் இவளுக்கு என்ன சொல்லித் தரப் போறார்?"

"ஆறு கம்பெனி மாறியிருக்கான் பாருங்க" என்றார் இன்னொருவர். கம்பெனி என்றே சொன்னார். "நடுவுல ரெண்டு வருஷம் கேப் வேற. எங்க டீம்ல இப்படி ஒரு ரெஸ்யூமே வந்தா நான் ஃபோன் கூடப் பண்ண மாட்டேன்."

"மூணு ரெட் கார்டு. வயலன்ட் ஆளா இருப்பானோ? பொம்பளப் புள்ளைங்க இருக்கற எடம்."

இப்படியும் ஒரு கூட்டம் இருக்குமா? எல்லோரும் இன்ஜினியர், எல்லோரும் மேல்படிப்பு. டிஃபென்டர் எதற்கு இருக்கிறான் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பார்க்கும் கண்ணோடுதான் வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் பார்க்கிறோம். மொத்தம் எவ்வளவு, ரேங்க் என்ன, எந்தப் பாடத்தில் குறைவு. அந்த மனிதர் முந்நூறுக்கு மேல் ஆட்டம் ஆடியிருந்தார். அந்தக் கட்டத்தை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் தடுத்த கோல்களுக்கு அட்டவணையில் கட்டமே கிடையாது.

எனக்கு அந்த அட்டவணையில் ஒவ்வொரு வரியும் என்னவென்று தெரியும். இரண்டு வருட இடைவெளிக்குள் டயர் கடை இருப்பது தெரியும். ரெட் கார்டுக்குள் யார் சட்டை இருக்கிறது என்று தெரியும். வாயைத் திறந்து இரண்டு நிமிடம் பேசியிருந்தால் போதும். நான் பேசவில்லை. என் மகளைப் பின்னால் தள்ளியவர் என்ற வன்மம் உள்ளே குறுகுறுத்துக்கொண்டிருந்தது. அதற்குமேல் சென்னைக்காரர் என் தோளில் கை போட்டு, "சார்தான் ரெஸ்யூமே எக்ஸ்பர்ட். சார் டிராஃப்ட் பண்ணா கிளப் ஆடிப் போயிடும்" என்றார். உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு. "நான் பண்றேன்" என்றேன்.

என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். ஐ.டி. ஆட்களை வேலைக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் ரெஸ்யூமே சலிப்பவன் நான். ஒரு தாளை இருபது வினாடி பார்த்துவிட்டு ஆள் வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். இந்த நாட்டுக்கு நான் வந்ததே ஒரு பொய் ரெஸ்யூமேயால்தான். ஈரோட்டிலிருந்து கிளம்பும்போது எனக்கு மூன்று வருட அனுபவம். என்னை அழைத்து வந்த கன்சல்டன்சி அதை ஏழாக்கிவிட்டது. அந்த நான்கு வருடம் நான் எங்கே வேலை பார்த்தேன் என்று எனக்கே இன்றுவரை தெரியாது. அப்படிப்பட்டவன்தான், உள்ளதை உள்ளபடி வைத்திருந்த ஒரு மனிதனின் தாளில் குற்றம் கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். காறித் துப்பினால் என் மேல்தான் விழும்.

ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன். அடிக்கடி மாறிய கிளப்புகள். விளக்கம் இல்லாத இரண்டு வருட இடைவெளி. ஒழுங்கு நடவடிக்கை வரலாறு. தாக்குதல் ஆட்டத்தைக் கற்பிக்கும் தகுதியைக் காட்டாத சொந்தச் சாதனை. எல்லாம் மரியாதையான சொற்கள். கடைசிப் பத்தியில் கயிற்றுப் படத்தை இணைத்து, எங்கள் மகள்களின் பாதுகாப்பு குறித்து நாங்கள் கவலைப்படுகிறோம் என்று எழுதினேன். மற்றதெல்லாம் சும்மா. பாதுகாப்பு என்ற சொல்லைப் பார்த்துவிட்டால் இந்த நாட்டில் எந்த நிர்வாகமும் ஒரு கேள்விகூடக் கேட்காது, வக்கீலை நினைத்து நடுங்கும். அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் எழுதினேன். ஏழு குடும்பத்தின் பெயரையும் கீழே போட்டு அனுப்பினோம். குழுவில் கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன.

பத்து நாள் ஆகவில்லை, கோச் விலகிவிட்டார் என்று கிளப்பிலிருந்து நான்கு வரிக் கடிதம் வந்தது. என் மகள் அதைப் படித்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "நாட் ஹங்ரி" என்று ஒரு குரல்.

அடுத்த வாரம் மளிகைக் கடை வாசலில் அவரைப் பார்த்தேன். கையில் பால் டப்பா. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நேராக வந்து, "உங்களைத்தான் தேடினேன். நீங்கள் ரெஸ்யூமே வேலை என்று சொன்னீர்களே. எனக்கு ஒன்று எழுதித் தர முடியுமா? அறுபது நாள்தான் இருக்கிறது. ஒன்பது போய்விட்டது" என்றார்.

அறுபது நாள் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அவர் விசா கிளப்பின் பெயரில் இருந்தது. வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். மனைவி, ஆறாம் வகுப்பு படிக்கும் பெண், எல்லோரும் சேர்ந்து.

இதை யோசிக்கவில்லை என்று சொல்ல எங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அன்று அந்த வீட்டில் கேசரி தின்ற அத்தனை பேரும் அந்த அறுபது நாளை நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள். புராஜெக்ட் போன அன்று மனைவியிடம் சொல்லாமல் பார்க்கிங்கில் உட்கார்ந்திருந்தவர்கள். நான் ஒருமுறை நாற்பத்தேழாவது நாள் வரை போய் மீண்டவன், குழந்தையின் தொட்டிலை விற்கப் படம் எடுத்து வைத்தவன். வேற்று நாட்டிலிருந்து வந்த ஒருவனின் வேலையைப் பறிக்கும்போது, இவன் என்ன விசா என்று கேட்கத் தெரியாத கூட்டமா நாங்கள்? அன்று சாயங்காலம் குழுவில் எழுதினேன். "அச்சோ விசாவா? தெரியாதேப்பா, பாவம்" என்றார் ஒருவர். அதன் கீழே கைகூப்பும் பொம்மை ஒன்று. அதற்கும் கீழே மறுநாள் பிறந்தநாள் விழாவுக்கு யார் ஐஸ்கிரீம் வாங்குவது என்ற பேச்சு தொடங்கிவிட்டது. ஃபோனைச் சோபாவில் வீசினேன், பிறகு நானே எடுத்துச் சார்ஜில் போட்டேன்.

கோச் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார். நான் கேட்கக் கேட்கச் சொன்னார். பழக்கதோஷம், நான் ஊதிப் பெருக்கினேன். தேசிய அணி ஆட்டக்காரர் என்று தட்டினேன்.

"இல்லை. நான் ஆடவில்லை. எடுத்துவிடுங்கள்."

"முகாமுக்குப் போனீர்களே, யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?"

"நான் ஆடவில்லை" என்றார் மறுபடியும்.

கோல்கள் என்ற வரியையே விட்டுவிடலாம் என்றேன். முகம் மாறாமல், "ஏன்? நான்கு. நான்கு என்று போடுங்கள். அதில் ஒன்று என் முதுகில் பட்டுப் போனது, அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்" என்றார். பரிந்துரைக்கு யாருடைய பெயரைப் போடலாம் என்று கேட்டேன். "உங்கள் பெயர்" என்றார். அந்த நிமிடமாவது சொல்லியிருக்கலாம். அடுப்படியிலிருந்து மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் பெயரையும் ஃபோன் எண்ணையும் தட்டினேன்.

நிறைய இடங்களுக்கு அனுப்பினோம். நியூ ஜெர்சியில் ஒரு கிளப் மட்டும் பிடித்துக்கொண்டது. இரண்டு முறை வீடியோவில் பேசினார்கள், அவருக்கும் மிகவும் பிடித்திருந்தது. பரிந்துரைத்தவரிடம் பேசிவிட்டால் முடிந்தது என்றார்களாம். அப்போது நாற்பத்தொன்றாவது நாள்.

அந்த அழைப்பு ஒரு மாலை நான் மகளைப் பல் டாக்டரிடமிருந்து கூட்டிக்கொண்டு ஃப்ரீவேயில் வரும்போது வந்தது. காரின் ஸ்பீக்கரில் எடுத்தேன். ஒரு பெண், இனிமையான குரல். அவரை எவ்வளவு நாளாகத் தெரியும், பிள்ளைகளிடம் எப்படிப் பழகுவார் என்றெல்லாம் கேட்டார். நான் மழையாகப் பொழிந்தேன். பின் இருக்கையில் மகள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பது கண்ணாடியில் தெரிந்தது.

"கடைசிக் கேள்வி" என்றார் அந்தப் பெண். "முந்தைய கிளப்பை அவர் ஏன் விட்டார்? பாதுகாப்பு தொடர்பாக ஏதாவது இருந்ததா?"

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு புகார் போனது, அது அபத்தம், எழுதியவனே நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் தேவைப்பட்டது. எனக்கு அடுத்த மாதம் குடியுரிமை நேர்காணல் இருந்தது. பொய்ப் புகார் எழுதினேன் என்று ஒருவரிடம் வாயால் ஒப்புக்கொண்டால், அது எங்காவது பதிவாகி, யாராவது வக்கீல் கையில் சிக்கி... இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

"அதைப் பற்றி நான் கருத்துச் சொல்வது சரியாக இருக்காது" என்றேன்.

என் தொழிலில் இந்த வாக்கியத்தை மாதத்துக்கு இரண்டு முறையாவது கேட்பேன். கேட்டவுடன் அந்த ரெஸ்யூமேயை மூடிவிடுவேன். அந்தப் பெண்ணும் மூடியிருப்பார். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

ஃப்ரீவேயிலிருந்து எங்கள் எக்ஸிட்டில் இறங்கினேன். மகள், "அப்பா, யூ குட் ஹேவ் ஜஸ்ட் செட் நோ" என்றாள்.

"உனக்குப் புரியாதும்மா."

"ஹூ ரோட் தட் லெட்டர் டு த கிளப்?"

"எல்லாரும் சேர்ந்து எழுதினதுதான்."

"எல்லாருமா டைப் பண்ணீங்க?" என்றாள். அவள் தமிழில் பேசுவது அபூர்வம். நான் சிக்னலைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

இதற்குள் கிளப் புதிதாக ஒரு இளைஞரைப் பிடித்து வந்திருந்தது. அவர் பெற்றோர் கேட்டபடி எல்லாப் பிள்ளைகளையும் முறை வைத்து முன்னால் ஆடவிட்டார். எல்லோருக்கும் வீடியோ கிடைத்தது, அணி வாரா வாரம் தோற்றது. என் மகள் மட்டும் முன்னால் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான் மைதானத்துக்கு வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டாள். அம்மாதான் கொண்டு விடவேண்டும்.

ஐம்பத்தாறாவது நாள் காலை கோச் எங்கள் வீட்டுக்கு வந்தார். மறுநாள் விமானம். உள்ளே வரவில்லை, நேரமில்லை என்று வாசலிலேயே நின்றார். வீட்டுச் சாமான்கள் விற்றது பற்றிச் சொன்னார். எங்கள் குழுவிலிருந்தே இரண்டு பேர் போய்ச் சோபாவையும் சைக்கிளையும் பேரம் பேசி அள்ளி வந்திருந்தார்கள். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, நான்தான் பல்லைக் கடித்தேன்.

"நியூ ஜெர்சியில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்" என்றார். "பரவாயில்லை. நீங்கள் எனக்காகப் பேசினீர்கள். நன்றி."

கை நீட்டினார். நானும் நீட்டிவிட்டேன். அவ்வளவு தூரம் போயிருந்தது என் மானம். எனக்குப் பின்னால் மாடிப்படியில் நின்றிருந்த மகள் கத்தினாள். ஆங்கிலத்தில், தெரு முழுக்கக் கேட்கும்படி. கிளப்புக்குப் போன கடிதத்தை எழுதியது என் அப்பா. நியூ ஜெர்சிக்காரர்கள் கேட்டபோது உங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதும் என் அப்பாதான். காரில் நான் இருந்தேன், என் காதால் கேட்டேன்.

எதிர்வீட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கோச் என் கையை இன்னும் விடவில்லை. கோபத்தில் நெரிப்பார் என்று எதிர்பார்த்தேன். நெரித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"கடிதம் தெரியும்" என்றார் அவளிடம். "கிளப்பில் எனக்குக் காட்டினார்கள். டயர் கடைக் காலத்தைப் பற்றி இந்த ஊரில் உன் அப்பாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். கடிதத்தில் அது வெறும் இடைவெளி. கீழே ஏழு பெயர் இருந்தது, ஆனால் ரெஸ்யூமே பார்ப்பதே தொழிலாக இருக்கும் ஆள்தான் அப்படி எழுத முடியும்."

"தென் வொய் டிட் யூ ஆஸ்க் ஹிம்?" என்றாள் மகள். அழுதுகொண்டிருந்தாள்.

அவர் என்னைப் பார்த்தார். முதல் முறையாக என்னைக் குனிந்து பார்ப்பது போல இருந்தது.

"நான் ஆடிய எல்லா அணியிலும் இப்படித்தான்" என்றார். "ஒருவன் தப்புச் செய்து கோல் விழுந்துவிட்டால், அடுத்த பந்துக்கு முதலில் ஓடுகிறவன் அவனாகத்தான் இருப்பான். யாரும் சொல்ல வேண்டியதில்லை. தானாக ஓடுவான். அதனால்தான் உங்கள் பெயரைப் போடச் சொன்னேன்."

கையை விட்டார். மகளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிக் காரில் ஏறினார். நான் வாசலிலேயே நின்றேன். ஏதாவது திட்டிவிட்டுப் போயிருந்தால் பதிலுக்குத் திட்டியாவது இருப்பேன். மகள் என்னைத் தாண்டிப் போய், அவர் கார் திரும்பும் வரை தெருவில் நின்றாள். திரும்பி வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் படியேறிப் போனாள்.